கோதுமைத் துருவின் தாய்வீடு கண்ட பேராசிரியர்

ஊரில் இருந்தவரை நமக்குக் கோதுமை என்றால் காய்ச்சல்காரருக்குக் கஞ்சி, சர்க்கரை வியாதிக்காரருக்குப் பத்தியம். பிழைப்புக்காக வடக்கே வந்த பிறகு அதுவே தினப்படிச் சாப்பாடாகி விட்டது. அந்தப் பயிரை அழிக்கும் நோய் ஒன்றின் மூலத்தைத் தேடி, தம் ஆயுளில் பெரும் பகுதியைச் செலவிட்டவர் டாக்டர் கரம் சந்த் மேத்தா. அவருடைய தேடல் அவரை நம் நீலகிரி வரை கொண்டு சேர்த்தது.

மேத்தா 1892-ல் பிறந்தார். ஆக்ரா கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக விளங்கினார். பழைய ரொட்டியில் பஞ்சு போலப் பூக்கிறதே பூசணம், அந்த இனத்தைப் பற்றிய படிப்பே அவருடைய துறை. அவ்வினத்தில் ஒரு வகை, கோதுமையின் இலையிலும் தண்டிலும் இரும்புத் துரு போலப் படரும். விரலால் தொட்டால் பொடி ஒட்டும். அந்தப் பொடியின் ஒவ்வொரு துகளும் நோயைப் பரப்பும் வித்து. கறுப்பு, பழுப்பு, மஞ்சள் என்று துரு மூன்று வகை. முற்றித் தாக்கினால் மணி சூம்பிப் பதராகி விடும்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் மேற்படிப்புப் படித்தபோது, அவ்வூர்ப் பக்கத்து வயல்களில் துருநோய் ஆண்டுதோறும் எப்படித் திரும்பி வருகிறது என்பதை மேத்தா ஆராய்ந்தார். 1922-ல் டாக்டர் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பினார். 1923-லிருந்து அதே கேள்விக்கு நம் நாட்டு வயல்களில் விடை தேடலானார்.

துரு உயிருள்ள பயிரில் மட்டுமே வளரும். வட இந்தியச் சமவெளியில் பங்குனி, சித்திரையில் கோதுமை அறுவடை முடிந்தால் ஐப்பசி வரை வயலில் பயிர் கிடையாது. கோடை வெயில் வித்துகளைக் கொன்று விடும். அப்படியிருக்க, தை, மாசியில் மறுபடியும் துரு எங்கிருந்து வருகிறது?

மேல்நாட்டுப் பாட நூல்கள், பார்பெரி என்னும் முட்செடியில் கறுப்புத் துரு தங்கியிருந்து கோதுமைக்குத் தாவுகிறது என்றன. இமயமலையிலும் பார்பெரி உண்டு. ஆனாலும் மேத்தா தாம் படித்ததை அப்படியே ஒப்புக்கொள்ளாமல் சோதித்துப் பார்த்தார். இந்தியாவில் நோய் ஆண்டுதோறும் வருவதற்கு அந்தச் செடி காரணமல்ல என்று கண்டார்.

1930-ல் அன்றைய விவசாய ஆராய்ச்சிக் கவுன்சிலின் பண உதவி கிடைத்தது. வேலை பெருகியது. கோதுமை விளையாத மாதங்களில் மலைகளில் துருவைத் தேடினார்கள். காற்றில் வரும் வித்துகளைப் பிடிக்கப் பசை தடவிய கண்ணாடித் தகடுகளைப் பல ஊர்களில் வைத்தார்கள். சிம்லாவின் குளிரில் கோதுமை நாற்று வளர்த்து, கொண்டுவந்த வித்தைத் தூவி, எந்த ரகத்தில் எப்படிப் புள்ளி விழுகிறது என்று பார்த்துத் துருவின் உட்பிரிவுகளை அடையாளம் கண்டார்கள்.

விடை தெளிவாயிற்று. மலைகளின் குளுமையில் கோடையிலும் நிற்கும் கோதுமையிலும், அறுவடைக்குப் பின் தானாக முளைத்த பயிரிலும் துரு உயிரோடு இருந்தது. வடக்கே இமயமலை, தெற்கே நீலகிரியும் பழனி மலையும் அதன் தாய்வீடு. அங்கிருந்து காற்றேறிச் சமவெளிக்கு இறங்குகிறது. 1940-ல் இந்த முடிவுகள் நூலாக வெளிவந்தன.

மலையில் கோடைக் கோதுமையை நிறுத்தி, தானாக முளைத்ததையும் அழித்தால் நோய் குறையும் என்று அவர் யோசனை கூறினார். ஆனால் சமவெளி விவசாயியைக் காக்க மலை விவசாயி ஒரு போகத்தை இழக்க வேண்டும். அது எளிதில் நடக்கிற காரியமா? 1946-47-ல் கறுப்புத் துரு மத்திய இந்தியாவின் கோதுமையைப் பெருமளவில் நாசமாக்கியது. 1950-ல் மேத்தா காலமானார். அவருடைய பிற்கால ஆய்வுகள் 1952-ல்தான் அச்சேறின.

1970-களில் நடந்த ஆராய்ச்சிகள், வங்கக் கடல் புயல்களோடு நீலகிரியின் கறுப்புத் துரு வித்துகள் கார்த்திகை வாக்கில் மத்திய இந்தியாவுக்குப் போவதைக் காட்டின. தீர்வோ வேறு வழியில் வந்தது: துருவைத் தாங்கும் ரகங்களை உருவாக்குவது. ஆண்டு முழுவதும் துரு இருக்கும் நீலகிரியே ரகங்களைச் சோதிக்க ஏற்ற இடமாயிற்று. அதற்கான ஆராய்ச்சி நிலையம் வெல்லிங்டனில் இருக்கிறது. நோயின் தாய்வீடு என்று மேத்தா சுட்டிக்காட்டிய மலையிலேயே அதற்கு மருந்தும் தேடப்படுகிறது.