‘பாக்கெட்’ என்று பெயர் வைத்தவர்: யார் இந்த டொனால்ட் டேவிஸ்?

மொபைலில் நாம் பார்க்கும் வீடியோ முழுசாக வந்து இறங்குவதில்லை. துண்டு துண்டாகத்தான் வருகிறது. அந்தத் துண்டுக்கு ‘பாக்கெட்’ என்று பெயர் வைத்தவர் டொனால்ட் டேவிஸ். பல மொழிகளிலும் எளிதாகப் புழங்க வேண்டும் என்று மொழியியலாளரிடம் கேட்டு எடுத்த சொல் அது.

1924-ல் வேல்ஸில் பிறந்தார். நிலக்கரிச் சுரங்கத்தில் குமாஸ்தாவாக இருந்த அப்பா சில மாதங்களிலேயே இறந்துவிட, இரட்டைக் குழந்தைகளான டேவிஸையும் சகோதரியையும் அம்மா போர்ட்ஸ்மவுத்தில் வளர்த்தார். 1947-ல் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் வேலை. ஆலன் டூரிங்கின் புகழ்பெற்ற 1936 கட்டுரையிலேயே பிழைகளைக் கண்டுபிடித்த ஆள் இவர்!

ஏன் துண்டு?

1965. தொலைபேசி லைன் வழியாகப் பலர் ஒரே கணினியைப் பயன்படுத்தத் தொடங்கிய காலம். டைப் செய்வது கொஞ்ச நேரம், யோசிப்பது ரொம்ப நேரம். லைன் சும்மா கிடக்கும். தகவலைச் சிறு துண்டுகளாக வெட்டினால் ஒரே லைனைப் பலரும் பகிரலாம் என்றார் டேவிஸ். துண்டின் அளவு 1024 பிட், அதாவது 128 பைட். அமெரிக்காவின் பால் பேரன் இதே யோசனையை முன்பே எட்டியிருந்தார். டேவிஸுக்கு அது தெரியவந்தது பிறகுதான்.

நாடு முழுவதற்குமான நெட்வொர்க் அவர் கனவு. கட்ட முடிந்ததோ ஆய்வக வளாகத்துக்குள் மட்டும். 1967-ல் அவரது குழு அமெரிக்க மாநாட்டில் விளக்கிய யோசனையை, இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் எடுத்துக்கொண்டது.

வெட்டினால் போதுமா?

போதாது. வாங்குகிற பக்கம்தான் தலைவலி. இன்று சர்வர்களில் 9000 பைட் பாக்கெட்கூட வருகிறது. நினைவகத்தின் ஒரு பக்கமோ பெரும்பாலும் 4096 பைட். ஆக, பக்கம் பக்கமாக இடம் ஒதுக்கினால் ஒரே பாக்கெட் 3 இடங்களில் சிதறி இறங்கும். நெட்வொர்க் டிரைவர் என்ற மென்பொருள் அவற்றை நகலெடுக்காமல் வரிசையாகக் கோத்து மேலே அனுப்பும். கடைசித் துண்டு வரும்வரை பொறுக்க வேண்டும். ஒன்று கெட்டால் மொத்தத்தையும் தூக்கிப்போட வேண்டும். எத்தனை துண்டு என்று எண்ணாமல் கோத்துக்கொண்டே போனால், ஒதுக்கிய இடத்தைத் தாண்டி அடுத்த இடத்தில் எழுதிவிடும். ஹேக்கர்கள் தேடுவது இப்படிப்பட்ட ஓட்டையைத்தான்.

டேவிஸும் பின்னாளில் தகவல் பாதுகாப்பு ஆய்வுக்கே திரும்பினார். 1984-ல் அதைப் பற்றி இணைந்து ஒரு புத்தகமும் எழுதினார். 2000-ல் மறைந்தார்.