துடைப்பம் ஏந்திய நிவேதிதா அம்மையார்

அயர்லாந்திலே 1867ஆம் ஆண்டு பிறந்த மார்கரெட் நோபிள் அம்மையார், சுவாமி விவேகானந்தரைக் குருவாகக் கொண்டு, 1898இல் கல்கத்தா வந்து, நிவேதிதா என்னும் திருநாமம் பெற்றார். அவ்வாண்டே பிளேக் என்னும் கொள்ளைநோய் அந்நகரிலே தலைகாட்டிற்று. நோயினும் விரைந்து பரவியது அச்சம். மக்கள் ஊரைவிட்டு ஓடினர். வீடு, உடை, உணவு யாவற்றையும் தூய்மையாகக் காக்கவும் வதந்திகளை நம்பாதிருக்கவும் வேண்டி, சுவாமிகள் துண்டுப்பிரசுரம் வெளியிட்டார்.

1899இல் நோய் மீண்டது. இராமகிருஷ்ண மிஷன் அமைத்த தொண்டுக்குழுவுக்கு அம்மையார் செயலாளரானார். சுவாமி சதானந்தர் தொழிலாளருடன் சேரிகளைத் துப்புரவாக்கினார். ஆள் போதாத வேளையில் அம்மையார் தாமே துடைப்பம் ஏந்தித் தெருவில் இறங்கினார். கண்ட இளைஞர் நாணி, அதனைத் தம் கையில் வாங்கிக்கொண்டனர். ஏப்ரல் மாதம் மாணவர் கடமை குறித்து அவர் ஆற்றிய உரையைக் கேட்டு 15 மாணவர் தொண்டராயினர். தாயை இழந்து நோயுற்ற குழந்தையொன்றை மடியிலிருத்திக் குடிசையிலேயே தங்கினார். அது அவர் மடியிலேயே உயிர்நீத்தது. 1911இல் டார்ஜிலிங்கிலே அம்மையார் மறைந்தார்.

மட்டுநகர் அன்பர்களே! மாரியிலே வாவி பெருகினால் நம் கிணறுகளில் வெள்ளம் புகுகின்றது. சிரட்டையிலும் தகரத்திலும் தேங்கும் நீரிலே டெங்கு நுளம்பு பெருகுகின்றது. வெள்ளம் வடிந்தபின் கிணற்றை இறைத்துக் குளோரீன் இடுவதும், நீரைக் கொதிக்கவைத்துப் பருகுவதும் பெரியோர் அறிந்தவையே. ஆயினும் புரட்டாதியிலேயே வளவைக் கூட்டித் துப்புரவாக்க நம்முள் எத்தனைபேர் முன்வருகிறோம்? தனித்து வாழும் முதியோரின் கிணற்றையும் வளவையும் யார் பார்ப்பது? அம்மையார் பிடித்த துடைப்பம் நம் கையை எதிர்நோக்கி நிற்கின்றது. வாங்குவோமாக!