கரியை அளந்த பெர்மி

ரோம் நகரம். 1934-ம் ஆண்டு. கல்லூரிக் கட்டிடத்தின் நீண்ட தாழ்வாரத்தில் இரண்டு பேர் தலைதெறிக்க ஓடினார்கள்.

ஒருவர் முன்னாள் மாணவர் அமால்டி. மற்றவர் 32 வயதுப் பேராசிரியர் என்ரிக்கோ பெர்மி!

ஏன் ஓட்டம்? ஒரு பொருளை "நியூட்ரான்" என்ற அணுத்துகளால் தாக்கினால், அது கதிர் வீசும். சில பொருள்களில் அந்தக் கதிர் ஒரு நிமிடத்துக்குள் மங்கிவிடும். கதிரை எண்ணும் கருவியோ தாழ்வாரத்தின் மறுகோடியில் இருந்தது!

பெர்மி, ரெயில்வே உத்தியோகஸ்தரின் மகன். 1901-ல் பிறந்தார். 13 வயதில் அண்ணனை இழந்தார். துக்கத்தை மறக்கப் புத்தகங்களில் மூழ்கினார். 25 வயதில் பேராசிரியர் ஆனார்.

மெழுகு செய்த மாயம்

ஹைட்ரஜனில் ஆரம்பித்து, இலேசான மூலகங்களை வரிசையாகத் தாக்கிப் பார்த்தார். பலன் இல்லை. வேறு ஒருவராக இருந்தால் விட்டிருப்பார். 9-வது மூலகமான புளோரினில் கருவி "டிக் டிக்" என்றது!

அக்டோபர் 22-ந் தேதி, வெள்ளிக்கு முன்னால் மெழுகுக் கட்டியை வைத்தார். வெள்ளியின் கதிர் பல மடங்கு பெருகியது.

கோலிக்குண்டு இன்னொரு கோலியில் மோதினால் வேகம் குறையும் அல்லவா? மெழுகில் உள்ள ஹைட்ரஜன், நியூட்ரானுக்குச் சம எடை. மோதிய நியூட்ரான் மெதுவாகிறது. மெதுவாகப் போகும் நியூட்ரானை அணு எளிதில் பிடித்துக்கொள்கிறது.

1938-ல் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது முசோலினி, யூதர்களுக்கு எதிராகச் சட்டம் போட்டிருந்தார். பெர்மியின் மனைவி லாரா யூதப் பெண். பரிசு வாங்க ஸ்டாக்ஹோம் போன குடும்பம், ஊர் திரும்பாமல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது.

ரகசியக் கணக்கு

நியூயார்க்கில் மீண்டும் ஓட்டம்! இப்போது அளந்தது கரி. பென்சிலில் இருக்கிறதே, அந்தக் கிராபைட் கரி. அணு உலையில் நியூட்ரானின் வேகத்தைக் குறைக்க அது வேண்டும். ஆனால், அதுவே நியூட்ரானை விழுங்கிவிட்டால்?

கரி மிகக் குறைவாகவே விழுங்கியது. அதில் கலந்திருக்கும் போரான்தான் எமன். கரியைப்போல இரண்டு லட்சம் மடங்கு விழுங்கும்! ஆகவே சுத்தமான கரியைத் தேடி வாங்கினார்கள். நண்பர் சிலார்டு வற்புறுத்தியதால், இந்தக் கணக்கை வெளியிடவில்லை.

ஜெர்மனியிலும் கரியை அளந்தார்கள். அந்தக் கரியில் மாசு இருந்ததாகவே கருதப்படுகிறது. கரி உதவாது என்று தள்ளிவிட்டு, கிடைப்பதற்கு அரிய கனநீரைத் தேடிப் போனார்கள். ஹிட்லர் கையில் அணு உலை கிடைக்காததற்கு இந்தத் தவறும் ஒரு காரணம்.

1942 டிசம்பர் 2-ந் தேதி, சிகாகோவில் சுமார் 350 டன் கரியை அடுக்கி, உலகின் முதல் அணு உலையைப் பெர்மி இயக்கினார். அதன் சக்தி, ஒரு டார்ச் பல்புக்குக்கூடப் போதாது. மூன்றே ஆண்டுகளில், 1945-ல், ஹிரோஷிமா எரிந்தது.

1954-ல் பெர்மிக்கு வயிற்றில் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் குழாய் வழியே திரவ உணவு சொட்டியது. கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, சொட்டுகளை எண்ணி, அதன் வேகத்தைக் கணக்கிட்டார். நவம்பர் 28-ந் தேதி காலமானார். வயது 53.