ஹகாரு ஹஷிமோட்டோ: நான்கு சுரப்பிகளை ஆராய்ந்த வைத்தியர்

ஒரு கல்லூரியின் பெருமையை அதன் கட்டடங்களிலும் பார்க்க அதன் மாணவர்களே நெடுங்காலம் நிலைநிறுத்துவர். யப்பானின் தென்பகுதியிலுள்ள பியூக்குவோக்கா நகரில் 1903 ஆம் ஆண்டு ஒரு மருத்துவக் கல்லூரி தோன்றிற்று. பின்னர் கியூசூப் பல்கலைக்கழகமாக வளர்ந்த அக்கல்லூரியிலிருந்து 1907 இல் வெளியேறிய முதலணி மாணவருள் ஒருவர் ஹகாரு ஹஷிமோட்டோ. இன்று மருத்துவம் பயில்வோர் அனைவரும் அறிந்த அப்பெயரை, அவர் வாழ்ந்த நாளில் அறிந்திருந்தோர் மிகச் சிலரே.

1881 ஆம் ஆண்டு மே மாதம் 5 ஆம் திகதி, மியே மாகாணத்துச் சிற்றூரொன்றில், வழிவழி வைத்தியம் செய்துவந்த குடும்பத்தில் அவர் பிறந்தார். பட்டம் பெற்றபின் பேராசிரியர் மியாக்கேயின் கீழ்ச் சத்திரசிகிச்சைப் பகுதியிற் பணிபுரிந்தார். அங்கே கண்டக்கழலைக்காகச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட நான்கு பெண்களின் தைரொயிட்டுச் சுரப்பித் துண்டுகள் அவர் கைக்கு வந்தன. அப்பெண்கள் யாவரும் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள்.

நுணுக்குக்காட்டியில் அவர் கண்டது விந்தையான காட்சி. சுரப்பியின் இயல்பான இழையம் சிதைந்திருந்தது. நார் இழையம் மிகுந்திருந்தது. எங்கணும் நிணநீர்க்கலங்கள் திரள் திரளாய்ப் புகுந்து குடியேறியிருந்தன. நோய்க்கிருமியை எதிர்க்கும் கலங்களுக்கு, கிருமியில்லா இடத்தில் என்ன வேலை? அதற்கு விடை கூறும் அறிவு அன்று உலகில் இல்லை. ஹஷிமோட்டோ ஊகங்களை அடுக்கவில்லை. தாம் கண்டதை ஒன்றும் விடாது எழுதி, முன்னர் அறியப்பட்ட நோய்களினின்றும் இது வேறானது என நிறுவி, 1912 இல் பேர்லினில் வெளியான சத்திரசிகிச்சைச் சஞ்சிகையொன்றில் ஜேர்மன் மொழியில் 30 பக்கக் கட்டுரையாக வெளியிட்டார். அப்போது அவர் முப்பது வயதளவினர்.

அதன்பின் ஜேர்மனியின் கேற்றிங்கன் நகரில் பேராசிரியர் கௌவ்மனிடம் நோயியல் பயின்றார். முதலாம் உலகப் போர் மூண்டமையால் அப்படிப்பு இடைமுறிந்தது. இங்கிலாந்து வழியாகத் தாயகம் மீண்டவர், 1916 இல் சொந்த ஊரில் வைத்தியராக அமர்ந்தார். ஆராய்ச்சிக்கூடம் துறந்து அயலவரின் பிணி தீர்ப்பதிலே எஞ்சிய வாழ்நாளைச் செலவிட்டார். 1934 ஆம் ஆண்டு சனவரி 9 ஆம் திகதி, நெருப்புக்காய்ச்சல் அவர் உயிரைக் கவர்ந்தது. அப்போது அவருக்கு வயது 52.

அவரது கட்டுரை இதற்கிடையில் மறக்கப்பட்டே கிடந்தது. மேலைநாட்டு வைத்தியர் பலர், இது வேறொரு தைரொயிட்டு நோயின் தொடக்கநிலை என்றே கருதினர். 1931 இல் அமெரிக்க வைத்தியர் கிரகாமும் அவர் துணைவரும் இது தனிநோயே என வற்புறுத்தினர். 1956 இல் உண்மை வெளியாயிற்று. இலண்டனில் உரோயிற், டோனியாக் முதலியோர், இந்நோயாளரின் குருதியில் அவர்தம் தைரொயிட்டுப் பொருளையே தாக்கும் பிறபொருளெதிரிகளைக் கண்டனர். அதே ஆண்டில் அமெரிக்காவில் உரோசும் விற்றெப்சுக்கியும் முயல்களில் இத்தகைய அழற்சியை உண்டாக்கிக் காட்டினர். காவலரே வீட்டைத் தாக்கும் விபரீதம் உடலிலும் நிகழும் என்பது புலனாயிற்று.

அக்காவலர் எங்கே பயிற்சி பெறுகின்றனர்? நெஞ்சென்பின் பின்னால் இருக்கும் தைமசுச் சுரப்பி பயனற்றதென எண்ணப்பட்ட காலமும் உண்டு. 1961 இல் இலண்டனில் ஜாக் மில்லர், பிறந்த எலிக்குஞ்சுகளிலிருந்து அதை அகற்றி, நிர்ப்பீடனத்துக்கு அது இன்றியமையாதது எனக் காட்டினார். நிணநீர்க்கலங்களுள் ஒரு வகுப்பு அங்கேதான் முதிர்கின்றது. தன்னுடலைத் தாக்கக்கூடியவற்றுட் பெரும்பாலானவை அங்கேயே அழிக்கப்படுகின்றன. 1973 இல், தைமசை அகற்றிக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய எலிகள் தாமாகவே தைரொயிட்டு அழற்சியுற்றமை அறியப்பட்டது.

இப்பயிற்சிக்கூடமோ குழந்தைப் பருவத்திற் செழித்துப் பருவமெய்தியபின் சுருங்கிக் கொழுப்பாகின்றது. புதுக் கலங்களின் வரவு குறைய, பழையனவே பெருகிக் காவல் புரிகின்றன. நிர்ப்பீடனத்தின் இம்மூப்பு, தைரொயிட்டு நோய்க்கு எவ்வளவு வழிகோலுகின்றது என்பது இன்றும் ஆராயப்படுகின்றது. இரண்டும் எளிய காரண காரியம் அல்ல என்பதற்கு ஒரு சான்று உண்டு: மிகைச் சுரப்பை விளைக்கும் கிரேவின் நோயில், வளர்ந்தோரிடத்தும் தைமசு பருத்து, சிகிச்சையின் பின் சுருங்கக் காணலாம்.

ஹஷிமோட்டோவின் நோயாற் சுரப்புக் குன்றியோர், தைரொட்சின் மாத்திரையை நாடோறும் உட்கொண்டு இயல்பாக வாழ்கின்றனர். கத்தி வேண்டியதில்லை. தாம் கண்ட நோயின் காரணத்தையோ அதற்கு அமைந்த பெயரின் புகழையோ அவர் முழுமையாகக் காணவில்லை. ஆயினும் அவர் பயின்ற பல்கலைக்கழக வளாகத்தில் அவர் பெயரால் ஒரு வீதி உண்டு. அவ்வீதியில் நடக்கும் இளைஞர்க்கும், நம் கல்லூரியின் இளைஞர்க்கும் அவர் வாழ்வு உணர்த்துவது ஒன்றே: கண்டதைக் கண்டவாறு எழுதிவைத்தல் வேண்டும், பொருள் கூறும் காலம் தானே வரும்.