காலரா விஷத்தைக் கண்ட டாக்டர் சம்புநாத் டே

தேசங்கள் தங்கள் வீரர்களையும் கவிகளையும் மறப்பதில்லை. ஆராய்ச்சிக்கூடத்தின் மூலையில் அமர்ந்து, ஆர்ப்பாட்டமின்றி உழைத்து, இலட்சக்கணக்கான உயிர்களைக் கொள்ளைகொண்ட ஒரு நோயின் இரகசியத்தை வெளிப்படுத்திய அறிஞரை மட்டும் எளிதில் மறந்துவிடுகின்றன. கல்கத்தா டாக்டர் சம்புநாத் டே அவர்களின் சரித்திரம் இதற்குத் தக்க உதாரணமாகும். விஞ்ஞான உலகில் அவருடைய நாமம் இன்று பிரசித்தி பெற்றிருக்கிறது. ஆயினும் அவர் உயிரோடிருந்த நாளில் தாய்நாடு அவருக்குச் செய்த மரியாதை மிகச் சொற்பமே என்பதை வருத்தத்துடன் குறிப்பிட வேண்டியிருக்கிறது.

டாக்டர் டே 1915-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 1-ந் தேதி, வங்காளத்தில் ஹூக்ளி ஜில்லாவைச் சேர்ந்த கரிபாட்டி என்னும் கிராமத்தில் பிறந்தார். தந்தையார் செய்துவந்த வியாபாரம் செழிக்கவில்லை. உறவினரின் ஆதரவாலும் உபகாரச் சம்பளத்தின் உதவியாலும் கல்வியைத் தொடர்ந்து, கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பயின்று 1939-ல் பட்டம் பெற்றார். பின்னர் லண்டனுக்குச் சென்று, பேராசிரியர் ராய் காமரன் என்பவரிடம் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் நிலையைப் பற்றி ஆராய்ந்து, 1949-ல் டாக்டர் பட்டத்துடன் திரும்பினார். திரும்பியதும் அவர் கைக்கொண்ட விஷயம் காலரா. வங்காளத்தில் வைத்தியம் பயின்ற எவரும் அந்நோயைக் கண்ணாரக் காணாமல் இருந்திருக்க முடியாது.

வாந்திபேதி என்று நம் ஜனங்கள் அஞ்சிவந்த இந்நோயின் கொடுமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. காலையில் திடமாக நடமாடியவர் மாலைக்குள் வற்றி உலர்ந்து மடிவதுண்டு. கடுமையாகப் பீடிக்கப்பட்டவரின் உடலிலிருந்து மணிக்கு ஒரு லிட்டர் வரையில்கூட, அரிசி கழுவிய நீர் போன்ற திரவம் வெளியேறிவிடும். ஜெர்மானிய விஞ்ஞானி ராபர்ட் காக் 1884-ல் கல்கத்தாவுக்கு வந்து, இந்நோய்க்குக் காரணமான கிருமியை நிலைநாட்டிச் சென்றார். கிருமி ஏதோ ஒரு விஷத்தை உண்டாக்குகிறது என்று அவர் ஊகித்தபோதிலும் அதனை ருசுப்படுத்த அவரால் இயலவில்லை. அவருக்குப் பின் வந்தவர்கள், கிருமி மடியும்போது அதன் உடலிலிருந்து வெளிப்படும் நஞ்சு இரத்தத்தில் கலந்து கெடுதி செய்கிறது என்று நம்பினர். அந்நஞ்சை விலங்குகளின் இரத்தத்தில் செலுத்திப் பார்த்தனர். காலராவின் அடையாளமான பேதி உண்டாகவில்லை. இவ்வாறு எழுபத்தைந்து ஆண்டுகள் கழிந்தன.

டாக்டர் டே வேறு வழியில் சிந்தித்தார். கேடு விளையும் இடம் குடலாயிருக்க, விடையை இரத்தத்தில் தேடுவானேன் என்பது அவர் எண்ணம். முயலுக்கு மயக்க மருந்து கொடுத்து, வயிற்றைத் திறந்து, சிறு குடலில் ஒரு துண்டை இரு முனையிலும் நூலால் கட்டி, அதனுள் காலராக் கிருமிகளைச் செலுத்தினார். மறுநாள் பார்க்கையில் அத்துண்டு திரவத்தால் நிரம்பி உப்பியிருந்தது. நோயாளிகளிடம் காணப்படும் அதே அரிசி கழுவிய நீர்தான் அது. 1953-ல் வெளியான இச்சோதனை முறைக்கு விலையுயர்ந்த கருவி யாதொன்றும் தேவையில்லை. முயலும், நூலும், தெளிந்த புத்தியும் போதுமானவை.

அடுத்த கேள்வி முக்கியமானது. திரவத்தை வருவிப்பது கிருமியா, கிருமி வெளியிடும் பொருளா? கிருமிகளை வளர்த்த நீரை வடிகட்டி, ஓர் உயிர்க் கிருமிகூட இல்லாத தெளிவை மட்டும் குடலுக்குள் செலுத்தினார். குடல் முன்போலவே நிரம்பியது. ஆகவே விஷம் கிருமியினின்று வெளியே சுரக்கிறது என்றும், குடலின் மீதே அது வேலை செய்கிறது என்றும் தெளிவாயிற்று. இம்முடிவை அவர் தனியொருவராக எழுதி, 1959-ல் நேச்சர் பத்திரிகையில் ஒரு சிறு கட்டுரையாக வெளியிட்டார். அதே ஆண்டில் பம்பாய் ஹாப்கின் ஆராய்ச்சிசாலையில் டாக்டர் டத்தாவும் அவருடைய சகாக்களும் குட்டி முயல்களைக் கொண்டு இதையொத்த முடிவை அடைந்தனர் என்பதையும் சொல்லுதல் நியாயம். ஒரே ஆண்டில் இந்நாட்டின் இரு நகரங்களில் அவ்விஷம் பிடிபட்டது.

டாக்டர் டே திறந்த வாயில் காலராவோடு நின்றுவிடவில்லை. விஷம் 1969-ல் அமெரிக்காவில் தூய வடிவில் பிரித்தெடுக்கப்பட்டது. அது செய்யும் காரியம் வியப்புக்குரியது. நம் உடலின் உயிரணுக்கள் ஒன்றோடொன்று சமிக்ஞைகளால் பேசிக்கொள்கின்றன. வெளியிலிருந்து வரும் செய்தியை உயிரணுவின் உள்ளே கொண்டுபோவது ஜி புரதம் என்னும் தூதன். செய்தியைச் சேர்ப்பித்ததும் இத்தூதன் ஓய்ந்துவிட வேண்டும் என்பது இயற்கையின் நியதி. காலரா விஷம் குடலின் உயிரணுவுக்குள் நுழைந்து அவனை ஓயாதபடி செய்துவிடுகிறது. அதனால் சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் பொருள் அளவின்றிப் பெருகுகிறது. குளோரைடு உப்பை வெளிவிடும் வாயில் திறந்தபடியே நிற்கிறது. உப்பைத் தொடர்ந்து நீரும் குடலுக்குள் பாய்கிறது. நோயாளி தன் உடலின் நீரிழந்து மடிகிறான். குடலின் சுவரில் புண்ணில்லை. கட்டளை ஒன்று நிறுத்தப்படாமற் போனதே மரணத்துக்குக் காரணம்.

இத்தூதனின் தன்மையை அறிய முயன்ற விஞ்ஞானிகளுக்குக் காலரா விஷமே அருங்கருவியாய் உதவிற்று. ஜி புரதங்களைக் கண்டறிந்த கில்மன், ராட்பெல் என்னும் இரு அமெரிக்கர் 1994-ல் நோபல் பரிசு பெற்றனர். கரு வளர்ச்சியின் ஆரம்பத்தில் ஏதேனும் ஓர் உயிரணுவில் இதே புரதம் மாறுதலடைந்து ஓயாமற் போவதும் உண்டு. விஷம் எந்த இடத்தில் தாக்குகிறதோ அதே இடத்தில் நேரும் மாறுதல் அது. அவ்வுயிரணுவின் சந்ததி பரவிய இடங்களிலெல்லாம் எலும்பு நலிந்து, தோலில் திட்டுக்கள் தோன்றி, குழந்தை பருவத்துக்கு முன்பே பூப்படைகிறது. மெக்கூன்-ஆல்பிரைட் நோய் என்று வைத்தியர்கள் இதனை வழங்குவர். கல்கத்தாவின் குடல் நோயும் இவ்வளர்ச்சிக் கோளாறும் ஒரே தூதனின் ஓயாமையால் விளைவன என்பது எவ்வளவு ஆழ்ந்த உண்மை!

சிகிச்சையிலும் இவ்வறிவு துணைநின்றது. குடலின் சுவர் கெடவில்லையாதலால், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை உறிஞ்சும் சக்தி நோயாளிக்கு எஞ்சியிருக்கிறது. பலர் உழைப்பால் உருவான இம்முறையை, 1971-ல் கிழக்கு வங்க அகதிகள் திரண்ட பங்காவ் முகாமில் டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் துணிவுடன் கையாண்டு ஆயிரக்கணக்கானோரைக் காத்தார்.

இத்தகைய அறிஞரை நாடு எவ்வாறு நடத்தியது? இந்திய விஞ்ஞானக் கழகம் எதுவும் அவரைத் தன் அங்கத்தினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. விஷத்தைத் தூய்மையாகப் பிரிக்க அவர் முயன்றபோது அதற்குரிய வசதிகள் கிட்டவில்லை. அப்பணி அயல்நாட்டினர் கையில் முடிவுற்றது. 1973-ல் அவர் கல்லூரிப் பதவியினின்று ஓய்வு பெற்றார். நோபல் ஸ்தாபனத்தார் 1978-ல் காலராவைப் பற்றி ஸ்வீடனில் கூட்டிய மகாநாட்டுக்கு அவரைப் பிரத்தியேகமாக அழைத்தனர். நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பர்க் அப்பரிசுக்கு அவர் பெயரை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை முன்மொழிந்தார். பரிசு வரவில்லை. 1985-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி அவர் காலமானார். பெங்களூரிலிருந்து வெளிவரும் கரண்ட் சயன்ஸ் பத்திரிகை அவர் நினைவாக ஒரு விசேஷ இதழை 1990-ல்தான் வெளியிட்டது.

பரிசளிக்கவில்லையென்று அயல்நாட்டினர் மீது குறைகூறுவது எளிது. ஆனால் அவர்களாவது அவரை அழைத்துக் கௌரவித்தார்கள். அடுத்த தெருவில் இருந்த நம்மவர்க்கே அவருடைய பெருமை புலப்படவில்லை. அன்னிய தேசத்தின் முத்திரை விழுந்த பின்னரே சொந்த அறிஞரை மெச்சும் மனப்பான்மை, அரசியல் விடுதலை கிடைத்த பின்னும் நம்மை விட்டகலாத அடிமைத்தனத்தின் மிச்சம் என்றே நாம் கருதுகிறோம். டாக்டர் டே மாலைகளை வேண்டி நின்றவரல்லர். அவருக்கு வேண்டியிருந்தவை ஒரு நல்ல ஆராய்ச்சிக்கூடமும், கூட உழைக்கச் சில இளைஞர்களும், தம் சொல்லைச் செவிமடுக்கும் சபையுமே.

1961-ல் தொடங்கிய காலராவின் ஏழாவது உலகப் பரவல் இன்னும் ஓயவில்லை. சுத்தமான குடிநீர் இல்லாத இடங்களிலெல்லாம் அது ஏழைகளை வாட்டிக்கொண்டிருக்கிறது. டாக்டர் டே போன்ற ஒருவர் இன்றும் ஏதேனும் ஒரு ஜில்லாக் கல்லூரியில், குறைந்த கருவிகளுடன் பெரிய கேள்வியொன்றைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அவருக்கு வேண்டிய உதவியை அவர் வாழ்நாளிலேயே அளிப்பது சர்க்காருக்கும் சர்வகலாசாலைகளுக்கும் உரிய கடமை. காலஞ்சென்ற பின் சிலை நாட்டுவதினும் அதுவே மேலான அஞ்சலியாகும்.