விண்வெளிக் கதை எழுதியவர் கடலுக்குள் தேடியது என்ன? ஆர்தர் சி. கிளார்க்கின் இன்னொரு வாழ்க்கை

தஞ்சோங் மாலிமில் கடல் கிடையாது. ஆனால் பல வீட்டுக் கூரைகளில் அஸ்ட்ரோ தட்டு உண்டு. மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் அது வானத்தில் ஒரே இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுற்றும் அதே வேகத்தில் செயற்கைக்கோளும் சுற்றுவதுதான் காரணம்.

அங்கே 3 செயற்கைக்கோள்களை நிறுத்தினால் உலகம் முழுக்கத் தகவல் அனுப்பலாம் என்று 1945-லேயே கட்டுரை எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். விண்வெளிக் கதைகளுக்குப் பெயர்போன அவர், பாதி வாழ்க்கையைக் கடலோரத்தில் கழித்தார் என்பது பலருக்குத் தெரியாது.

குளிர்கடலில் இருந்து இலங்கைக்கு

கிளார்க் 1917 டிசம்பர் 16 அன்று இங்கிலாந்தின் மைன்ஹெட் என்ற கடலோர ஊரில் பிறந்தார். 1950-களின் தொடக்கத்தில் ஸ்கூபா முக்குளிப்பில் இறங்கினார். இங்கே தோட்டங்களில் நம்மவர்கள் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்த காலம் அது.

குளிர்ந்த நீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உறிஞ்சிவிடும். அதனால் அப்போது பிரிட்டனில் முக்குளித்தவர்கள், கம்பளி உடுத்தி அதன் மேல் ரப்பர் உடையை மாட்டிக்கொண்டுதான் இறங்குவார்கள்.

சரி, விண்வெளி எழுத்தாளருக்குக் கடலில் என்ன வேலை? எடையில்லாமல் மிதக்கும் அனுபவம் பூமியில் தண்ணீருக்குள்தான் கிடைக்கும். அதைத் தேடித்தான் அவர் போனார். ஆஸ்திரேலியாவின் பவளத்திட்டில் நண்பர் மைக் வில்சனுடன் முக்குளித்துப் படம் எடுத்தபின், 1956-இல் இலங்கையில் குடியேறினார்.

கோணேஸ்வரத்தின் அடியில்

அதே ஆண்டு இருவரும் திருகோணமலையில் சுவாமி மலைக்குக் கீழே முக்குளித்தார்கள். 17-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் இடித்துக் கடலில் தள்ளிய கோணேஸ்வரம் கோயிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் அங்கே கிடந்தன. தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த இழப்புக்குக் கடலடியிலேயே சாட்சி இருந்தது. அந்தப் பயணம் பற்றி 1957-இல் அவர் நூலும் எழுதினார்.

1961-இல் இலங்கையின் தென்கிழக்கே கிரேட் பாசஸ் பாறைத்திட்டில் வில்சன் இரண்டு சிறுவர்களோடு முக்குளித்தபோது பழைய பீரங்கியும் வெள்ளிக் காசுகளும் கண்ணில் பட்டன. ஔரங்கசீப் காலத்தில் சூரத்தில் அச்சடித்த காசுகள் அவை.

போலியோ வந்த பிறகு

1962-இல் கிளார்க்கைப் போலியோ தாக்கியது. கை கால் அசைக்க முடியாமல் படுக்கையில் கிடந்தார். இனி அவ்வளவுதான் என்று மற்றவர்கள் நினைக்கக்கூடிய நிலை. ஆனால் மறுஆண்டே அந்தக் கப்பல் சிதைவுக்குச் சென்ற குழுவோடு அவரும் கிளம்பிவிட்டார்.

அது எப்படி முடிந்தது? நிலத்தில் நம் எடை முழுவதையும் கால்கள் தாங்க வேண்டும். தண்ணீரில் அந்தப் பாரத்தைத் தண்ணீரே ஏந்திக்கொள்கிறது. தரையில் தடுமாறிய மனிதருக்கு, கடலுக்குள் போனால் மற்றவர்களைப் போலவே நகர முடிந்தது. இளமையில் விண்வெளிக்கு ஒத்திகையாகத் தொடங்கிய முக்குளிப்பு, பிறகு அவருக்கு நடமாட்டத்தையே திருப்பிக் கொடுத்தது.

1980-களின் இறுதியில் போலியோவின் பின்விளைவு அவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தது. 2004 டிசம்பர் 26 சுனாமி, ஹிக்கடுவையில் இருந்த அவருடைய முக்குளிப்பு நிலையத்தையும் அழித்துவிட்டது. 2008 மார்ச் 19 அன்று, 90 வயதில் கொழும்பில் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

செயற்கைக்கோள்கள் நிற்கும் அந்த உயரத்துக்கு இன்று அவர் பெயரையும் சேர்த்து, கிளார்க் சுற்றுப்பாதை என்கிறார்கள். நம் ஊர்க் கூரைத் தட்டுகள் பார்த்துக்கொண்டிருப்பதும் அதைத்தான்.