நீண்ட கரம் உடைய அன்னை

அரசுக் கருவூலத்திலிருந்து மக்களுக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை வழங்குவது இக்காலத்துப் புதுமை என்று நீங்கள் எண்ணியிருக்கக்கூடும். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தமது ஆட்சியில் (கி.பி. 634–644) திவான் என்னும் பதிவேட்டை ஏற்படுத்தி, பைத்துல்மாலிலிருந்து மானியம் அளித்தார்கள். இஸ்லாத்தை முந்தி ஏற்றவர்க்கு அதில் மிகுதியான பங்கு. அப்பதிவேட்டில் பெண்களின் பெயர்களும் இருந்தன. முதலில் பால்குடி மறந்த குழந்தைகளுக்கே தொகை என்றிருந்தது. அதற்காகத் தாய் ஒருத்தி காலத்துக்கு முன்பே பால் மறக்கடிப்பதை இரவில் கண்ணுற்ற கலீஃபா, பிறந்த குழந்தைக்கும் பங்குண்டு என விதியையே மாற்றிவிட்டார்கள்.

அப்பதிவேட்டில் இடம்பெற்றவர்களுள் ஒருவர் அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி). பெருமானார் (ஸல்) அவர்களின் மாமி உமைமாவின் மகளார். பின்னர் அண்ணலாரின் துணைவியார். குறைஷிக் குலத்தோடு நெருங்கிய உறவுடைய அம்மையார், தோலைப் பதனிட்டுத் தைத்துப் பொருளீட்டினார்கள் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அவ்வருவாய் முழுதும் ஏழைகளுக்கே சென்றது.

தம் மனைவியருள் நீண்ட கரம் உடையவரே தம்மை முதலில் வந்தடைவார் என நாயகம் (ஸல்) அவர்கள் முன்னறிவித்திருந்தார்கள். மனைவியர் தம் கைகளை அளந்து பார்த்ததுண்டு! ஸைனப் (ரலி) அவர்களோ உயரத்தில் குறைந்தவர்.

ஓராண்டு பன்னிரண்டாயிரம் திர்ஹம் மானியம் அன்னையின் இல்லம் வந்தது. பிற சகோதரியர்க்கும் சேர்த்துப் பங்கிட அனுப்பியதாக முதலில் கருதிய அம்மையார், முழுதும் தமக்கே என்றறிந்ததும் திடுக்கிட்டார்கள். நாணயங்களைத் தரையில் கொட்டச் செய்து, துணியால் மூடினார்கள். அருகிலிருந்த பர்ஸா என்னும் பெண்மணியிடம், துணிக்குள் கைவிட்டுப் பிடிபிடியாக அள்ளி, இன்ன குடும்பத்து அநாதைகளுக்கு, இன்ன உறவினர்க்கு எனக் கொடுத்துவரச் சொன்னார்கள். யாருக்கு என்ன தேவை என்பது அன்னைக்கு மனப்பாடம். இறுதியில் பர்ஸா தமக்கும் பங்கு கேட்டார். துணிக்கடியில் எஞ்சியதை எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. எண்ணிப் பார்த்தபோது எண்பத்தைந்து திர்ஹம்.

பின்னர் கைகளை உயர்த்தி, அடுத்த ஆண்டு உமரின் மானியம் தம்மை வந்தடைய வேண்டாமென அன்னை இறைஞ்சினார்கள். செய்தி அறிந்த கலீஃபா நேரில் வந்து வாயிலில் நின்று ஸலாம் உரைத்து, செலவுக்கென மேலும் ஆயிரம் திர்ஹம் அனுப்பினார்கள். அதுவும் அவ்வழியே போயிற்று.

ஹிஜ்ரி 20-இல் (கி.பி. 641) அன்னை வஃபாத்தானார்கள். அண்ணலாருக்குப் பின் அவர்களின் மனைவியருள் முதலில் மறைந்தவர் அவர்களே. நீண்ட கரம் எதைக் குறித்தது என்பது ஏனையோர்க்கு அன்றுதான் விளங்கிற்று. ஜனாஸாத் தொழுகையைக் கலீஃபாவே நடத்தினார்கள். கடும் வெயில், பகீயில் கப்ரு தோண்டுவோர்க்காகக் கூடாரம் அடிக்கப்பட்டது.

அன்னை தம் கபனை முன்னரே ஆயத்தம் செய்திருந்தார்கள். கலீஃபாவிடமிருந்தும் கபன் வருமாயின், இரண்டில் ஒன்றைத் தர்மம் செய்துவிடுமாறு சொல்லியிருந்தார்கள். அவ்வாறே வந்தது. அன்னை ஆயத்தம் செய்திருந்த கபனைச் சகோதரி ஹம்னா (ரலி) தர்மமாக வழங்கினார்கள்.